டி.ஆர்.கோவிந்தாச்சாரி: மூலிகைக்குள் ஒளிந்திருந்த 'இடது கை, வலது கை'யைப் படித்த சென்னை வேதியியலாளர்... யார் இவர்?

மரக்காணம் உப்பளத்துப் பக்கம் போனால் ஒரு கைப்பிடி கல் உப்பை அள்ளிப் பாருங்க. ஒவ்வொரு பரலும் சின்னச் சின்னப் பெட்டி மாதிரி இருக்கும். அந்தப் பெட்டியைக் கண்ணாடியில் காட்டினாலும் அதே பெட்டிதான் தெரியும். உப்புக்கு இடது, வலது கிடையாது.

ஆனால், இதே சோழமண்டலக் கடற்கரையின் மணற்பாங்கான புதர்க்காடுகளில் படரும் ஒரு கொடிக்கு அந்த வித்தியாசம் உண்டு. அதன் பெயர் நஞ்சறுப்பான். ஆஸ்துமாவுக்கு நாட்டு மருந்தாகப் பயன்பட்ட மூலிகை. இதற்குள் இருக்கும் 'டைலோஃபோரின்' என்ற மூலக்கூறும், கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒன்றல்ல.

அந்த மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிந்து, அதை ஆய்வகத்திலேயே செய்தும் காட்டியவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் டி.ஆர்.கோவிந்தாச்சாரி. வேதியியல் வட்டாரத்தில் 'டி.ஆர்.ஜி'. இந்தியாவின் உயரிய அறிவியல் விருதுகளில் ஒன்றாக இருந்த சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதை வேதியியலுக்காக முதன்முதலில் பெற்றவர். ஆனா, பாடப்புத்தகத்தில் இவர் பெயரைப் பார்த்த ஞாபகம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கு?

அது என்ன இடது கை மூலக்கூறு?

ரொம்ப சிம்பிள். உங்க இடது கால் செருப்பை வலது காலில் மாட்டிப் பாருங்க. அளவு ஒன்று, தோல் ஒன்று, தையல் ஒன்று. ஆனாலும் பொருந்தாது. கார்பன் அணுவைச் சுற்றி நான்கு வெவ்வேறு விஷயங்கள் ஒட்டியிருந்தால், அந்த மூலக்கூறுக்கும் இப்படி இரண்டு வடிவங்கள் வரும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் பிரான்சின் லூயி பாஸ்டர். 1848-ல், ஒயின் தயாரிப்பில் கிடைக்கும் டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களைப் பார்த்தபோது, இரண்டு வகைப் படிகங்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் போல இருப்பதைக் கவனித்தார். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். ஒரு குவியல் ஒளியை வலப்பக்கமும், மற்றது இடப்பக்கமும் திருப்பியது.

இதில் நமக்கு என்ன? நம்ம உடம்பே ஒரு பக்கச் செருப்புக் கடை மாதிரி. புரதங்கள் எல்லாம் ஒரே 'கை' அமினோ அமிலங்களால் ஆனவை. அதனால் சரியான கை மருந்து வேலை செய்யும். தப்பான கை சும்மா இருக்கலாம், சில நேரம் தீங்கும் செய்யலாம்.

மெரினா எதிரே ஓர் ஆய்வகம்

கோவிந்தாச்சாரி பிறந்தது 1915 ஜூலை 30. படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில். அங்கே வேதியியல் பேராசிரியர் பி.பி.டே வழிகாட்டுதலில் ஆய்வு செய்தார். 1946-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் கரிம வேதியியலில் உலகப் புகழ்பெற்ற ரோஜர் ஆடம்ஸிடம், தாவர ஆல்கலாய்டுகள் பற்றிய ஆய்வு. ஆல்கலாய்டு என்றால், செடிகள் தங்களுக்குள் தயாரிக்கும் நைட்ரஜன் உள்ள பொருள்கள். காபியில் இருக்கும் காஃபின், சின்கோனா மரப்பட்டையில் இருக்கும் குயினைன் எல்லாம் இந்த வகைதான்.

சென்னை திரும்பியவர், படித்த கல்லூரியிலேயே பேராசிரியராகி, பின்னர் அதன் முதல்வராகவும் ஆனார். மெரினாவைப் பார்த்தபடி நிற்கும் அந்தக் கட்டடத்தில் மாணவர்களோடு அவர் கையில் எடுத்தது நம்ம ஊர்ச் செடிகளை.

உப்பளமும் ஆய்வகமும்: ஒரே டெக்னிக்

செடியிலிருந்து ஒரு மூலக்கூறை எப்படித் தனியாக எடுப்பாங்க? மரக்காணத்தில் உப்பு எடுப்பதை நினைச்சுக்கோங்க. உப்புத் தண்ணீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி மாற்றி வெயிலில் கெட்டியாக்குவார்கள். ஒரு கட்டத்தில் உப்பு படிகமாகக் கீழே விழும். மக்னீசியம் கலந்த கசப்புத் தண்ணீர் மேலே நிற்கும். அதை வடித்துவிடுவார்கள். வேண்டியது படிகமாகும், வேண்டாதது தண்ணீரோடு போகும்.

ஆல்கலாய்டுக்கும் இதே கதைதான். காய்ந்த செடியைப் பொடியாக்கி ஆல்கஹாலில் ஊற வைப்பார்கள். அந்தச் சாற்றில் அமிலம் கலந்த தண்ணீரைச் சேர்த்தால் ஆல்கலாய்டு உப்பாக மாறிக் கரையும். அப்புறம் காரம் சேர்த்தால் திரும்பப் பிரிந்து வரும். கடைசியில் படிகமாக்கித் தூய்மைப்படுத்துவார்கள். கிலோ கணக்கில் செடி போட்டால் கிராம் கணக்கில்தான் பொருள் கிடைக்கும்.

அது எந்தக் 'கை' என்று பார்க்க போலாரிமீட்டர் என்றொரு கருவி. இதற்கும் உப்புக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. அடுப்புத் தீயில் உப்பு விழுந்தால் மஞ்சளாக எரியுமே, அது உப்பில் இருக்கும் சோடியத்தின் ஒளி. போலாரிமீட்டரில் பயன்படுத்துவதும் அந்த சோடிய மஞ்சள் ஒளியைத்தான். மூலக்கூறு அந்த ஒளியின் தளத்தை எந்தப் பக்கம், எத்தனை டிகிரி திருப்புகிறது என்பதை அளப்பார்கள்.

நஞ்சறுப்பானில் கிடைத்த வெற்றி, மிச்சமிருந்த கேள்வி

டைலோஃபோரினின் அமைப்பைக் கண்டறிந்த கோவிந்தாச்சாரி குழு, 1961-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்த விவரத்தையும் வெளியிட்டது. நவீன கருவிகள் இன்னும் பரவலாகாத காலம் அது. மூலக்கூறை வேதிமுறையில் உடைத்து, துண்டுகளை அடையாளம் கண்டு, திரும்பக் கட்டிப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும்.

ஆனால் ஒரு விஷயம் இருந்தது. செடி ஒரே கை டைலோஃபோரினை மட்டும் தயாரிக்கிறது. ஆய்வகத்தில் செய்தபோது இரண்டு கையும் சரிபாதியாகக் கலந்து வந்தது. இது அவர் குழுவின் குறை இல்லை. ஒரு கையை மட்டும் நேரடியாகச் செய்யும் வித்தை அன்றைக்கு உலகில் யாரிடமும் பெரிதாக இல்லை. 1983-ல்தான் அமெரிக்காவில் பக்லி, ராப்போபோர்ட் ஆகியோர் ஓர் அமினோ அமிலத்தில் தொடங்கி ஒரே கை டைலோஃபோரினைத் தயாரித்தனர். ஒருவர் தீர்த்த புதிர், அடுத்தவருக்கு இலக்காக மாறுவது இப்படித்தான்.

மும்பைப் பயணம்

1963-ல் மும்பை கோரேகானில் சிபா நிறுவனம் ஆய்வு மையம் தொடங்கியபோது, அதன் இயக்குநராகப் போனார் கோவிந்தாச்சாரி. அவரோடு சென்னை மாணவர்கள் சிலரும் அங்கே சேர்ந்தார்கள். புது மருந்து கண்டுபிடிப்பது இந்தியாவில் நடக்கிற காரியமா என்று பலர் யோசித்த காலத்தில், நைட்ராக்ஸாஸெபின் என்ற மனச்சோர்வு மருந்து அந்த மையத்தில் உருவானது. கே.நாகராஜன், எஸ்.ராஜப்பா, என்.விஸ்வநாதன் என அவரிடம் பயின்றவர்களும் அவரோடு பணியாற்றியவர்களும் பின்னாளில் இந்திய வேதியியலில் முக்கிய இடம் பிடித்தனர்.

செடிகளையும் அவர் விடவில்லை. அங்கிருந்து வந்த மூன்று முடிவுகள் முக்கியமானவை.

ஒன்று, நஞ்சறுப்பான் பாக்கி. டைலோஃபோரின் எந்தக் கை என்பதை 1970-களில் இந்தக் குழுவே தீர்த்தது.

இரண்டு, கேம்ப்டோதெசின். இந்தப் புற்றுநோய் எதிர்ப்புப் பொருளை 1966-ல் ஒரு சீன மரத்திலிருந்து அமெரிக்காவின் வால், வாணி குழு கண்டுபிடித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் 'மாப்பியா ஃபோட்டிடா' மரத்திலும் அது இருப்பதை 1972-ல் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் அறிவித்தார்கள். இதிலிருந்து வந்த டோபோடிகான், இரினோடிகான் மருந்துகள் இன்றும் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கின்றன. இங்கேயும் கைதான் முக்கியம். இயற்கையான வடிவம் புற்று செல்லைத் தாக்கும். அதன் கண்ணாடி பிம்பத்துக்கு அந்த சக்தி கிட்டத்தட்ட இல்லை. இன்னொரு பக்கம், தேவை கூடியதால் மலைகளில் அந்த மரமே பெருமளவு வெட்டப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்று, ஆன்சிஸ்ட்ரோகிளாடின். இதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக் கொடி ஒன்றிலிருந்து வந்தது. இரண்டு தட்டையான வளையங்கள், நடுவில் ஒரே ஒரு பிணைப்பு. பக்கத்து அணுக்கள் இடிப்பதால் அந்தப் பிணைப்பு சுழல முடியாது. அதனால் தட்டுகள் ஃபேன் இறக்கை மாதிரி ஒரு பக்கமாக முறுக்கி நின்றுவிடும். முறுக்கின் திசையே அதன் கை! இந்தக் குடும்பத்தின் வேறு மூலக்கூறுகள் பின்னாளில் கேமரூன் நாட்டுக் கொடியிலிருந்து எடுக்கப்பட்டு, எச்ஐவி வைரஸுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டன.

நோபல் கதையோடு எங்கே சேர்கிறது?

ஒரு கையை மட்டும் தயாரிக்கும் வித்தைக்குப் பெயர் சமச்சீரற்ற வினையூக்கம். ஒரே கை கொண்ட வினையூக்கி கொஞ்சம் போதும். அது அச்சு மாதிரி செயல்பட்டு, ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை ஒரே கையாக வார்த்துத் தள்ளும். அமெரிக்காவின் வில்லியம் நோல்ஸ் 1968-ல் இதற்கு வழி காட்டினார். பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபா மருந்தை அவரது குழு இப்படித் தயாரித்தது. அதே எல்-டோபாவை நம்ம பூனைக்காலி விதையிலிருந்து 1937-லேயே பிரித்தெடுத்தவர்கள் சென்னையில் ஆய்வு செய்த தாமோதரனும் ராமசாமியும்!

ஜப்பானின் ரியோஜி நொயோரி 1980-ல் அறிவித்த 'பைனாப்' வினையூக்கியைப் பாருங்க. இரண்டு தட்டையான வளையங்கள், நடுவில் சுழல முடியாத ஒரு பிணைப்பு, ஒரு பக்க முறுக்கு. கோவிந்தாச்சாரி குழு காட்டுக் கொடியில் கண்ட அதே வகை முறுக்கு! ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை. செடி கையாண்ட வடிவ உத்தியை, மனிதர்கள் தனி வழியில் போய்க் கருவியாக்கினார்கள்.

இந்தக் கருவியால் தொழிற்சாலையில் டன் கணக்கில் தயாராகும் பொருள்களில் ஒன்று எல்-மென்தால். தைலம் தேய்த்ததும் ஜில்லென்று இருக்கிறதே, அதுதான். மற்றக் கைக்கு அவ்வளவு குளிர்ச்சி கிடையாது. சிபாவிலிருந்து ஓய்வு பெற்ற கோவிந்தாச்சாரி, சென்னை திரும்பி ஆய்வுப் பிரிவில் சேர்ந்த நிறுவனம் எது தெரியுமா? தைலத்துக்குப் பேர்போன அமிர்தாஞ்சன்.

கடைசி அத்தியாயம்: வேப்பமரம்

வயதான பிறகும் ஸ்பிக் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் வேம்பை ஆராய்ந்தார். வேப்பங்கொட்டையில் இருக்கும் அசாடிராக்டின், பூச்சிகளைப் பயிரைத் தின்னவிடாமல் தடுக்கும். அந்த மூலக்கூறில் கை மாறக்கூடிய இடங்கள் 16. அதாவது கணக்குப்படி 65,536 வடிவங்கள் சாத்தியம். வேப்பமரம் அதில் ஒன்றை மட்டும் தப்பில்லாமல் தயாரிக்கிறது. அசாடிராக்டின் குடும்பத்தின் பல உறுப்பினர்களைப் பிரித்து அடையாளம் கண்டது கோவிந்தாச்சாரி குழு. அசாடிராக்டினை முழுமையாகச் செயற்கையாகத் தயாரிக்க 2007 வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

2001 அக்டோபரில் நோல்ஸ், நொயோரி, ஷார்ப்லஸ் மூவருக்கும் சமச்சீரற்ற வினையூக்கத்துக்காக வேதியியல் நோபல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 28-ல் கோவிந்தாச்சாரி காலமானார். வயது 86.

நோபல் பெற்றவர்கள் ஒரு கை மூலக்கூறை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். இயற்கை ஏற்கெனவே எழுதி வைத்ததைப் படித்துச் சொன்னவர்களில் ஒருவர் டி.ஆர்.ஜி. எந்த மூலக்கூறு, எந்தக் கை என்று படித்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், எதை எழுதுவது என்றே தெரியாது. படிப்பதற்குச் செடியும் இருக்கணும். ஈசிஆரில் சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மரக்காணம் பகுதியிலும், கடற்கரைப் புதர்க்காடு என்பது இன்று ஆங்காங்கே திட்டுத் திட்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. மனை போடுவதற்கு முன் 'வெறும் புதர்' என்று சுத்தம் செய்யும் இடத்தில் யாரும் இன்னும் படிக்காத மூலக்கூறு எத்தனை இருக்கும் என்பது, வெட்டிய பிறகு கேட்க முடியாத கேள்வி.