நர்சம்மா மேரி சீகோல்



விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் தெரியும். பட்டாசுக்குள் அடைப்பதும் மருந்துதான். காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்துதான். முதல் மருந்து சில நேரம் காயப்படுத்தி விடும். இரண்டாவது மருந்துதான் அந்தக் காயத்தை ஆற்ற வேண்டும். 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

தீக்காயத்தோடு வருபவர்களுக்கு இரவு பகலாகக் கட்டு மாற்றுபவர் யார்? நர்ஸ். நம் ஊரில் அவரை வெறுமனே நர்ஸ் என்று சொல்லி நிறுத்த மாட்டார்கள். 'நர்சம்மா' என்பார்கள். 170 ஆண்டுகளுக்கு முன், வெடிமருந்துப் புகைக்கு நடுவே நின்ற ஒரு பெண்மணியையும் படைவீரர்கள் அப்படித்தான் 'அம்மா' என்று அழைத்தார்கள். அவர் பெயர் மேரி சீகோல். அவருடைய கதையை இந்த வாரம் தெரிந்து கொள்வோமா?

பொம்மைக்கு வைத்தியம்

உலகப் படத்தை விரித்து, கரீபியன் கடலில் ஜமைக்கா என்ற தீவைத் தேடுங்கள். ஓட்டப் பந்தய வீரர் உசைன் போல்ட் பிறந்த நாடுதான். அதன் தலைநகர் கிங்ஸ்டனில் 1805-ஆம் ஆண்டு மேரி பிறந்தார். அப்பா ஸ்காட்லாந்துப் படைவீரர். அம்மா கறுப்பின வழியில் வந்தவர். தங்கும் விடுதி நடத்தினார். மூலிகை வைத்தியத்தில் கைதேர்ந்தவர். நோயுற்ற படைவீரர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

அம்மா செய்வதைப் பார்த்துப் பார்த்து மேரியும் கற்றுக்கொண்டார். முதல் நோயாளி யார் தெரியுமா? அவருடைய பொம்மை! பிறகு வீட்டு நாய், பூனைகள். சில மருந்துகளைத் தாமே குடித்தும் பார்த்தார். (நீங்கள் அப்படிச் செய்து விடாதீர்கள்!)

ஊர் சுற்றும் ஆசையும் அவருக்கு அதிகம். கப்பல் பார்க்கும்போதெல்லாம் அதில் ஏறிவிட வேண்டும் என்று மனம் துள்ளும். சிறு வயதிலேயே லண்டன் போனார். இரண்டாவது முறை போனபோது ஜமைக்கா ஊறுகாயையும் பழப் பாகுகளையும் எடுத்துச் சென்று விற்றார். பஹாமாஸ், ஹைட்டி, கியூபா தீவுகளுக்கும் சென்றார். கறுப்பினப் பெண் தனியாகக் கப்பலேறுவது அரிதாக இருந்த காலம் அது.

அடுத்தடுத்துச் சோதனைகள்

1836-இல் எட்வின் சீகோல் என்பவரை மணந்தார். கணவருக்கு உடல்நலம் சரியில்லை. மேரிதான் அருகிலிருந்து கவனித்துக் கொண்டார். 1843-இல் கிங்ஸ்டனில் பெரும் தீ விபத்து. அவர்களுடைய வீடும் எரிந்து சாம்பலானது. அடுத்த ஆண்டு கணவர் இறந்தார். விரைவிலேயே அம்மாவும் மறைந்தார். அவர்களுக்குக் குழந்தைகளும் இல்லை. மேரி அழுதார், பிறகு எழுந்து நின்றார். எரிந்த இடத்திலேயே விடுதியைத் திரும்பக் கட்டினார்.

1850-இல் ஜமைக்காவில் காலரா பரவியது. நோயாளிகளைக் கவனித்து அந்த நோயின் போக்கை மேரி கற்றார். 1851-இல் தம் சகோதரரைப் பார்க்கப் பனாமாவுக்குப் போனார். அங்கும் காலரா! அந்தச் சிற்றூரில் ஒரு பல் மருத்துவரைத் தவிர வேறு டாக்டர் இல்லை. அவரும் பயந்து நடுங்கினார். மேரிதான் களத்தில் இறங்கினார். பணக்காரர்களிடம் கட்டணம் வாங்கினார். ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்தார். கடைசியில் அவரையே காலரா பிடித்துக்கொண்டது. நல்லவேளையாகப் பிழைத்தார்.

அன்றைய காலரா மருந்துகள் பல, பலன் தராதவை. சில கெடுதலும் செய்தவை. ஆனால் மேரி, இலவங்கப்பட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீரையும் நோயாளிகளுக்குக் கொடுத்தார். காலராவில் உடம்பின் நீரெல்லாம் வெளியேறி விடும். அதை ஈடுகட்டுவதே முதல் வேலை என்று இன்று நமக்குத் தெரியும். அதற்காகத்தான் உப்பு, சர்க்கரை கலந்த கரைசல் தருகிறார்கள். காலரா அசுத்தமான தண்ணீரால் பரவுகிறது என்று லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோ எடுத்துக்காட்டியதே 1854-இல்தான்.

மூடிய கதவுகள்

அந்தச் சமயம் ரஷ்யாவுக்கு எதிராகத் துருக்கி, பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவை கிரிமியாவில் போரிட்டன. குண்டுபட்டு இறந்த வீரர்களை விட, நோயால் இறந்தவர்களே அதிகம். 'கைவிளக்கேந்திய காரிகை' பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 நர்சுகளோடு துருக்கியின் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குப் போனது இந்தப் போரின்போதுதான்.

மேரியும் உதவப் புறப்பட்டு லண்டன் வந்தார். போர் அலுவலகத்தின் படியேறினார். நர்சுகளைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பார்த்தார். போர் நிதிக்காரர்களிடமும் கேட்டார். எல்லா இடத்திலும் ஒரே பதில்: இல்லை. காலராவோடு போராடிய அனுபவம் இருந்தும் ஏன் இப்படி? தம் தோலின் நிறம்தான் காரணமோ என்ற ஐயம் அவருக்கு வந்தது. குளிர்ந்த தெருவில் நின்று கண்ணீர் விட்டார்.

குழந்தைகளே, இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? வந்த வழியே ஊர் திரும்பியிருப்போம் இல்லையா? மேரி திரும்பவில்லை. சொந்தப் பணத்தில் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 50!

தகரக் கொட்டகை ஓட்டல்

1855-இல் கிரிமியாவில், போர் நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, கடலில் மிதந்து வந்த மரம், பெட்டிப் பலகை, இரும்புத் தகடு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விடுதி கட்டினார். பெயர் 'பிரிட்டிஷ் ஓட்டல்'. அங்கே சூடான சாப்பாடு, துணிமணி, மருந்து எல்லாம் விற்றார். பால் கிடைக்காத அந்த ஊரில் பாலில்லாமலே அவர் செய்த அரிசிப் பாயசத்துக்கு வீரர்கள் ஏங்கினார்களாம். பணம் இல்லாத நோயாளிகளுக்கும் மருந்து கிடைத்தது.

போர் நடக்கும் நாளில் மருந்து, ஊசி நூல், கட்டுத்துணி, உணவு ஆகியவற்றோடு களத்துக்கே போவார். தலைக்கு மேல் குண்டு பறந்தால் தரையில் படுத்துக்கொள்வார். அப்படி ஒருமுறை விழுந்ததில் வலது கைக் கட்டைவிரல் பிசகி, கடைசிவரை சரியாகவில்லை. காயம்பட்டவர் எதிரியான ரஷ்யராக இருந்தாலும் கட்டுப் போட்டார். நன்றியால் நெகிழ்ந்த ஒரு ரஷ்ய அதிகாரி தம் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி அவருக்குக் கொடுத்தார்.

மறந்தார்கள், நினைத்தார்கள்

1856-இல் போர் முடிந்தது. வீரர்கள் ஊர் திரும்பினார்கள். வாங்கி வைத்த சரக்கெல்லாம் தேங்கி, மேரி கடனாளியாக லண்டன் திரும்பினார். ஆனால் பிள்ளைகள் அம்மாவைக் கைவிடவில்லை. 1857-இல் அவருக்கு நிதி திரட்ட நான்கு நாள் இசை விழா நடந்தது. மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அதே ஆண்டு தம் பயணங்களைப் புத்தகமாக எழுதினார் மேரி. இந்தியாவில் அப்போது மூண்ட 1857 கிளர்ச்சியில் காயம்பட்டவர்களுக்கு உதவ இங்கே வரவும் விரும்பினார். அது நடக்கவில்லை.

1881 மே 14 அன்று லண்டனில் காலமானார். பிறகு உலகம் அவரை ஏறக்குறைய மறந்தே போனது. 1973-இல்தான் அவருடைய கல்லறை கண்டெடுக்கப்பட்டுச் சீரமைக்கப்பட்டது. 2004-இல் பிரிட்டனின் தலைசிறந்த கறுப்பினத்தவராக மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2016-இல் லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். நைட்டிங்கேல் 1860-இல் நர்சுகளுக்கான பள்ளியைத் தொடங்கியதும் அதே மருத்துவமனையில்தான்.

குழந்தைகளே, ஆண்டுதோறும் மே 12, நைட்டிங்கேலின் பிறந்த நாள், உலகச் செவிலியர் தினம். அன்று உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நர்சம்மாவுக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளியன்று யாருக்காவது தீக்காயம் பட்டால் பேனா மையோ பற்பசையோ தடவாதீர்கள். குளிர்ந்த குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் காயத்தின் மேல் ஓடவிட்டு, பெரியவர்களை அழைத்து, 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பதறாமல் உதவுகிற பிள்ளையும் ஒரு குட்டி மேரி சீகோல்தான்!