தோர்ணக்கல் அத்தியட்சர் அசரியா

பிழைப்பை நாடிப் பிறமொழி வழங்கும் நாட்டில் குடியேறிய தமிழர் முன்னே எப்போதும் ஒரு வினா நிற்கின்றது. வந்த இடத்தாரோடு ஒன்றி வாழ்வதா, விருந்தினரைப் போல் ஒதுங்கி இருப்பதா என்பதே அவ்வினா. ஒரு தெருவில் தமிழும் அடுத்த தெருவில் தெலுங்கும் ஒலிக்கும் இக்குடிபாலாப் பகுதியில் வாழும் நமக்கு அது புதிதன்று. தெலுங்கு நாட்டின் மற்றொரு கோடியில், ஒரு தமிழர் தம் வாழ்நாளையே அதற்கு விடையாக்கிச் சென்றார். அவரே தோர்ணக்கல் அத்தியட்சர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ச் சபையின் குருவானவர் தாமஸ் வேதநாயகம். இளமையிலேயே தந்தையை இழந்த மைந்தனை அன்னையார் எல்லன் அம்மையார் கண்டிப்போடு வளர்த்தார். திருநெல்வேலியிலும் பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கல்வி பயின்ற அசரியா, 1895 முதல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசியாய்த் தென்னகமெங்கும் சுற்றி உழைத்தார். 1898இல் அன்பு மரியம்மாளை மணந்தார்.

1902ஆம் ஆண்டு அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பொருளைக் கொண்டு, கடல் கடந்து இந்தியாவுக்கே ஊழியரை அனுப்பி வந்ததைக் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தைச் சுட்டது. பிறர் அனுப்பிய பணத்திலும் பிறர் அனுப்பிய ஆட்களாலும் நடந்துவந்த சபை, தான் எப்போது பிறருக்குக் கொடுக்கப்போகின்றது என்று அவர் சிந்தித்தார். அச்சிந்தனையின் பயனாக 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உதயமாயிற்று. ஊழியரும் இந்தியர், பொருளும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பதே அதன் கொள்கை.

அச்சங்கம் தேர்ந்துகொண்ட இடம் நைஜாம் ஆட்சிக்குட்பட்டிருந்த தோர்ணக்கல். 1904இல் முதல் ஊழியர் அங்கே சென்றார். பிறரை அனுப்பிவிட்டுத் தாம் வீட்டிலிருக்க அசரியாவின் மனம் இடந்தரவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்று, முப்பத்தைந்தாம் வயதில் குடும்பத்தோடு தாமே அங்குப் போய்ச் சேர்ந்தார். முதலில் கூடாரமே அவருக்கு வீடாயிற்று. ஊராரின் தெலுங்கைச் சிறுவனைப் போல் எழுத்தெழுத்தாய்க் கற்று, அம்மொழியிலேயே போதிக்கலானார்.

மறு ஆண்டு, 1910இல், எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. மேனாட்டு மிஷனெரிமார் இந்திய ஊழியர்பால் காட்டிய எஜமான மனப்பான்மையை அவர் அச்சபையில் எழுந்து வெளிப்படையாய் எடுத்துரைத்தார். தியாகத்தைக் காட்டிலும் தோழமையே தேவை என்று அவர் கேட்டது பலருக்குக் கசந்தது. ஆயினும் அது மறக்கப்படவில்லை.

சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட் அவர்களின் முயற்சியால், 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாப் பேராலயத்தில் அசரியா அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி எய்திய முதல் இந்தியர் அவரே. இந்தியர் ஒருவரின் கீழ் பணிபுரிவதா என்று தயங்கியவர் வெள்ளையருள் இருந்தனர். ஆட்சேபித்தவர் அவர் பிறந்த திருநெல்வேலிச் சீமையிலும் இருந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அவர் வாதாடவில்லை, மாட்டுவண்டியேறிக் கிராமங்களை நோக்கிப் புறப்பட்டார்.

அவர் சபையில் சேர்ந்தோருள் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா வகுப்பினர். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்த ஏழைக் கூலிகள். அவ்விரு வகுப்பாரும் தமக்குள்ளேயே தீண்டாமை பாராட்டினர். ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணவும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெறவும் அத்தியட்சர் அவர்களைப் பழக்கினார். உபதேசியார்களுக்குப் பயிற்சி அளித்தபோது அவர்தம் மனைவியருக்கும் கல்வி புகட்டப்பட்டது. அன்பு மரியம்மாள் பெண்களிடையே அயராது பாடுபட்டார். தொடக்கத்தில் சிறியதாயிருந்த அத்தியட்சாதீனம், அவர் காலத்திற்குள் இரண்டு லட்சம் மக்களைக் கடந்து வளர்ந்தது.

மதமாற்றத்தைக் குறித்துக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் 1930களில் கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது. தாழ்த்தப்பட்ட மனிதன் தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையுடையவன் என்பதில் அசரியா உறுதியாய் நின்றார். அதே வேளையில், கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்பதையும் அவர் மறுத்தார். தம் மக்கள் நாட்டினின்றும் பிரிந்து நிற்பதை அவர் விரும்பவில்லை.

அவர் எழுப்பிய பேராலயமும் இதையே கூறுகின்றது. போரும் பொருள் முடையும் தடுக்க, பல்லாண்டு வேலை நடந்து, 1939ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அது பிரதிஷ்டையாயிற்று. இங்கிலாந்துக் கோபுரத்தை அங்கே காணோம். கோயில் மண்டபத்தை நினைவூட்டும் தூண்களும், மசூதியைப் போன்ற குவிமாடங்களும் கொண்டு, அம்மண்ணிலேயே முளைத்ததுபோல் அது விளங்குகின்றது.

1945ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லிலேயே அவர் உயிர் நீத்தார். அப்பேராலயத்தின் அருகிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். சபைகளின் ஒற்றுமைக்காக 1919இல் தரங்கம்பாடியில் அவர் தொடங்கிவைத்த முயற்சி, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையாகக் கனிந்தது. அதைக் காண அவர் இல்லை.

அசரியாவின் சமயம் நம்முள் சிலருக்கே உரியது. அவர் வாழ்க்கையோ நம் அனைவருக்கும் உரியது. தெலுங்கரை ஆள அவர் போகவில்லை. அவர்களிடம் அண்டிப் பிழைக்கவும் போகவில்லை. அவர்களுடைய மொழியைக் கற்றார். அவர்களுள் யாரை ஊரார் தொடாதிருந்தனரோ அவர்களோடு அமர்ந்து உண்டார். அதனால் அன்னியராய் வந்தவர் அவ்வூரின் தந்தையானார். நம் பிள்ளைகள் தமிழை மறவாதிருக்க இச்சங்கத்தில் கூடுகின்றோம். அண்டை வீட்டாரின் தெலுங்கையும் அவர்கள் அன்போடு கற்பார்களாயின், இவ்வூரில் நமக்கும் வேர் ஊன்றும்.