பாலுக்குள் ஒளிந்திருந்த காய்ச்சல்

நம்ம காலேஜ் லேப் பக்கம் போனா, வேப்பிலைச் சாற்றையும் சில்வர் நைட்ரேட்டையும் கலந்துவிட்டு, கரைசல் எப்போ பழுப்பாகும்னு காத்துக்கிட்டிருக்கிற ஒரு கூட்டத்தைப் பார்த்திருப்பீங்க. அப்படிக் கிடைக்கும் வெள்ளி நானோ துகள்களை உணவில் இருக்கும் கெட்ட பாக்டீரியாக்கள் மேல் ஏவிப் பார்ப்பது இப்போது பலருக்கும் பிடித்த புராஜெக்ட். நல்லது. ஆனா, பார்க்கச் சுத்தமா இருக்கிற உணவுக்குள்ளயே நோய் இருக்குன்னு முதல்ல சொன்னவங்க பாடு என்ன ஆச்சு தெரியுமா? அவர்களில் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர் ஆலிஸ் எவன்ஸ்.

1881-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், நீத் என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரிக்குப் போகக் காசில்லை. நான்கு வருடம் பள்ளி ஆசிரியை வேலை பார்த்தார். கிராமத்து ஆசிரியர்களுக்குக் கார்னெல் பல்கலைக்கழகம் இலவசமாக ஒரு படிப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டுப் போனவர், அங்கேயே நின்று பாக்டீரியாவியலில் பட்டம் வாங்கினார். 1910-இல் விஸ்கான்சினில் முதுகலை. டாக்டர் பட்டம் வாங்கவில்லை; நேராக வேளாண்மைத் துறையின் பால்வளப் பிரிவில் வேலை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

1913-இல் வாஷிங்டன் ஆய்வகத்துக்கு அவரை அனுப்பினார்கள். வரப்போகும் விஞ்ஞானி ஒரு பெண் என்று தெரிந்ததும் அங்கிருந்த அதிகாரிகள் நாற்காலியிலிருந்து விழாத குறைதான்!

அந்தக் காலத்தில் கறந்த சூட்டோடு இருக்கும் பால் சுத்தமானது, அழுக்கெல்லாம் அதற்குப் பிறகு சேர்வதுதான் என்பது பொது நம்பிக்கை. ஆலிஸ் எடுத்துக்கொண்டது சரியாக அந்தப் பச்சைப் பாலை. அதில் அவர் கண்ணில் பட்டது, மாடுகளைக் கன்று வீச வைக்கும் பாங் பேசிலஸ். நோயே தெரியாத, நன்றாக இருக்கும் பசுவின் மடியிலிருந்தும் அது வந்துகொண்டிருந்தது.

இங்கேதான் விஷயம். மத்தியதரைக் கடலில் மால்டா என்று ஒரு தீவு. அங்கே பிரிட்டிஷ் சிப்பாய்களை அலை அலையாக வந்து போகும் ஒரு காய்ச்சல் வாட்டியது. அதன் கிருமியை 1887-இல் கண்டுபிடித்தவர் டேவிட் புரூஸ். அது ஆட்டுப்பால் வழியாகப் பரவுகிறது என்பது 1905-இல் தெரிந்தது. புரூஸின் கிருமியை உருண்டை வகையிலும், மாட்டுக் கிருமியைக் குச்சி வகையிலும் போட்டு வைத்திருந்தார்கள். ரெண்டும் வேற வேற டிராயர். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவே இல்லை. ஆலிஸ் பார்த்தார். வளர்ப்பு முறை, வேதிச் சோதனை, நோய் எதிர்ப்பு சீரத்தோடு சேர்த்தால் திரளும் விதம், எல்லாவற்றிலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே.

அப்படியென்றால் பசும்பாலும் மனிதனுக்குக் காய்ச்சல் தரலாம். 1917-இல் அமெரிக்க பாக்டீரியாவியலாளர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னார். 1918-இல் கட்டுரை வந்தது. பாலைச் சூடாக்கி, அதாவது பாஸ்சரைஸ் செய்துதான் விற்க வேண்டும் என்றார். 63 டிகிரி செல்சியஸ், 30 நிமிடம், அவ்வளவுதான் தேவை.

யாரும் நம்பவில்லை. இவ்வளவு சாதாரணமாகப் பாலில் இருக்கும் கிருமி மனிதனைத் தாக்குமென்றால் இத்தனை நாள் ஏன் யாருக்கும் தெரியாமல் போனது என்பது கேள்வி. நியாயமான கேள்விதான், நானே கேட்டிருப்பேன். பதில்: நோயாளிகள் இருந்தார்கள், டாக்டர்கள் அதை மலேரியா, டைஃபாய்டு, ஃப்ளூ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மறுத்தவர்களில் தியோபால்ட் ஸ்மித் இருந்தார். மனிதக் காசநோய்க் கிருமியும் மாட்டுக் காசநோய்க் கிருமியும் வேறு என்று காட்டிய மேதை. அவர் பக்கம் பெயர். இவர் பக்கம் டாக்டர் பட்டம்கூட இல்லாத ஒரு பெண். யார் பேச்சு எடுபடும், சொல்லுங்க?

1920-இல் சான் பிரான்சிஸ்கோவில் கார்ல் மேயர் குழு இதே சோதனையைச் செய்து, ஆலிஸ் சொன்னது சரி என்றது. இரண்டு கிருமிக்கும் சேர்த்து புருசெல்லா என்று பெயர் வைத்தது. புரூஸ் பெயர்தான் நின்றது. கிருமியின் பெயரில் ஆலிஸுக்கு இடமில்லை. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

1922-இல் அந்தக் கிருமி ஆய்வகத்திலேயே ஆலிஸைப் பிடித்தது. காய்ச்சல் வரும், போகும், மாதக்கணக்கில் எழ முடியாது. அப்போது இருந்த பரிசோதனைகளுக்கு அது அகப்படவில்லை. நரம்புத் தளர்ச்சி என்றார்கள். அதாவது இல்லாத நோயை இருப்பதாக நினைத்துக்கொள்கிறாராம். அந்த நோயை உலகத்துக்குச் சொன்னவரிடமே! பிறகு அவர் உடம்பிலிருந்தே புருசெல்லாவை வளர்த்துக் காட்டிய பின்தான் பேச்சு அடங்கியது. அந்தக் காய்ச்சல் இருபது வருடத்துக்கு மேல் அவரை விட்டு விட்டு வாட்டியது.

இதற்கிடையில் பல நாடுகளிலிருந்தும் நோயாளிகள் பற்றிய செய்திகள் வந்து குவிந்தன. 1928-இல் அதே பாக்டீரியாவியலாளர் சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 1930-களில் பாஸ்சரைசேஷன் அமெரிக்கப் பால் தொழிலில் கட்டாயமாகிக்கொண்டே வந்தது.

1945-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்றாலும் சும்மா இருக்கவில்லை. 85 வயதில், மெடிகேர் விண்ணப்பத்தில் கம்யூனிஸ்ட் தொடர்பு இல்லை என்று உறுதி கேட்டிருந்த பகுதி பேச்சுரிமைக்கு எதிரானது என்று அரசோடு மல்லுக்கு நின்றார். பின்வாங்கியது அரசுதான். 1975 செப்டம்பரில் இறந்தார். அப்போது வயது 94.