திருகாணிக்கு ஒழுங்கு தந்தவர்

ஜொகூர் பாருவின் தெருவோரப் பட்டறையாகட்டும், பாசிர் கூடாங்கின் பெரிய தொழிற்சாலையாகட்டும், உலோக வேலை நடக்கும் இடங்களில் கடைசல் இயந்திரத்தைக் காணலாம். ‘லேத்’ என்று தொழிலாளர்கள் அழைக்கும் இவ்வியந்திரம், இரும்பைச் சுழலவிட்டுச் செதுக்கும். திருகாணிக்கு மரையும் வெட்டும். இன்று ஒரு நட்டு தொலைந்தால், கடையில் அதே அளவில் வேறொன்றை வாங்கிப் பொருத்திவிடுகிறோம். 250 ஆண்டுகளுக்கு முன்னர் இஃது எளிதில் நடக்கக்கூடிய செயலன்று. அன்று மரைகள் பெரும்பாலும் கையால் வெட்டப்பட்டன. ஒன்றைப் போல் மற்றொன்று இராது. ஒரு போல்ட்டுக்கு அதற்கென்றே செய்த நட்டு மட்டுமே பொருந்தும். இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஹென்றி மாட்ஸ்லே.

மாட்ஸ்லே 1771ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இங்கிலாந்தின் வூலிச் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தில் பிள்ளைகள் பலர் இருந்ததால் 12 வயதிலேயே வேலைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. வூலிச் ஆயுதச்சாலையில் தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்பும் வேலை அவருக்குக் கிடைத்தது. பின்னர்த் தச்சுப் பட்டறைக்கு மாற்றப்பட்டார். ஆயினும், அவர் மனம் பக்கத்திலிருந்த கொல்லுப் பட்டறையையே நாடியது. 15 வயதில் அங்குச் சேர்ந்த அவர், இரும்பு வேலையில் விரைவிலேயே நல்ல பெயர் எடுத்தார்.

அக்காலத்தில் ஜோசப் பிராமா என்பவர் லண்டனில் பூட்டுகள் செய்துவந்தார். அவருடைய பூட்டின் அமைப்பு மிக நுட்பமானது. கைத்திறனை மட்டும் நம்பி அதை விரைவாகச் செய்ய முடியவில்லை. மாட்ஸ்லேயின் திறமையைக் கேள்வியுற்ற பிராமா, 18 வயதே ஆன அவரைப் பணியில் சேர்த்துக்கொண்டார். பூட்டின் பாகங்களைத் துல்லியமாக உருவாக்கும் கருவிகளை மாட்ஸ்லே வடிவமைத்துக் கொடுத்தார். பிராமா கடையின் கண்ணாடிச் சன்னலில் வைக்கப்பட்ட பூட்டு ஒன்றைச் சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு அறிவிக்கப்பட்டது. 1851ஆம் ஆண்டுவரை ஒருவராலும் அதைத் திறக்க இயலவில்லை.

மாட்ஸ்லே பட்டறையின் தலைமைப் பணியாளராக உயர்ந்தார். ஆனால், அவருடைய கூலி வாரத்திற்கு 30 ஷில்லிங் மட்டுமே. திருமணமாகிப் பிள்ளைகளும் பிறந்துவிட்ட நிலையில் அந்த வருமானம் போதவில்லை. அவர் கூலி உயர்வு கேட்டார், பிராமா மறுத்துவிட்டார். உறுதியான வேலையை விட்டால் குடும்பம் என்னாகும் என்ற அச்சம் இருந்திருக்கலாம். எனினும், தம் கைத்தொழிலை நம்பி 1797ஆம் ஆண்டு அவர் வெளியேறி, லண்டனில் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கினார்.

அங்குதான் அவர் மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். மரத்தாலான சட்டத்திற்குப் பதிலாக உறுதியான உலோகச் சட்டத்தை அமைத்தார். வெட்டும் உளியைக் கையில் பிடிக்காமல், நழுவிச் செல்லும் தாங்கியில் பூட்டினார். அத்தாங்கியை நகர்த்த, ‘லீட் ஸ்குரூ’ எனப்படும் நீண்ட திருகுத் தண்டைப் பொருத்தினார். இரும்புத் துண்டு சுழலும்போது பற்சக்கரங்களின் வழியாகத் தண்டும் சுழலும்; உளி சீராக முன்னேறி மரையை வெட்டும். பற்சக்கரங்களை மாற்றினால் மரையின் இடைவெளியும் மாறும். இத்தகைய முயற்சிகளில் அவருக்கு முன்பே சிலர் ஈடுபட்டிருந்தனர். ஆயினும், அவற்றை ஒருங்கிணைத்துப் பட்டறையின் அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த பெருமை மாட்ஸ்லேயையே சாரும்.

இதில் ஒரு பெரும் சிக்கல் இருந்தது. துல்லியமான மரையை வெட்டத் துல்லியமான திருகுத் தண்டு வேண்டும். அத்தகைய தண்டே இல்லாதபோது முதல் தண்டை எப்படிச் செய்வது? கோழி முந்தியா, முட்டை முந்தியா என்பது போன்ற புதிர் இது. மாட்ஸ்லே மனம் தளரவில்லை. மரம், ஈயம் போன்ற மென்மையான உருளைகளின்மேல் சாய்வான கத்தியைப் பதித்து மரையின் தடத்தை உருவாக்கினார். பலவற்றைச் செய்து பார்த்து, அவற்றுள் பிழை குறைந்ததைத் தேர்ந்தெடுத்தார். அதைக் கொண்டு அதனினும் சிறந்த ஒன்றைச் செய்தார். இவ்வாறு படிப்படியாகப் பிழையைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

அளவில் அவர் காட்டிய கண்டிப்பு அனைவரும் அறிந்தது. ஓர் அங்குலத்தைப் பத்தாயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கைக்கூடக் காட்டும் அளவுக் கருவியை அவர் உருவாக்கினார். அளவு குறித்துப் பட்டறையில் ஐயம் எழுந்தால் அக்கருவி காட்டுவதே இறுதித் தீர்ப்பாகும். அதனால், அதற்கு நாட்டின் உயர்ந்த நீதிபதியின் பதவிப் பெயரையே சூட்டியிருந்தனர்.

பாய்மரக் கப்பல்களுக்குக் கப்பிகள் ஏராளமாகத் தேவைப்பட்ட காலம் அது. மார்க் புரூனெல் என்ற பொறியாளர் வடிவமைத்த, கப்பி செய்யும் இயந்திரங்களை மாட்ஸ்லே செய்து கொடுத்தார். 40க்கும் மேற்பட்ட அவ்வியந்திரங்கள் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நிறுவப்பட்டன. முன்பு 110 பேர் செய்த வேலையை அவற்றின் உதவியோடு 10 பேரே செய்து முடித்தனர்.

மாட்ஸ்லேயின் பட்டறை பல பொறியாளர்களுக்குப் பள்ளிக்கூடமாகவும் விளங்கியது. அங்குப் பணியாற்றிய ஜோசப் விட்வர்த், 1841ஆம் ஆண்டு திருகு மரைகளுக்குப் பொதுவான அளவுமுறையை முன்மொழிந்தார். அதனைக் காண மாட்ஸ்லே உயிரோடு இல்லை. பிரான்சிலிருந்து திரும்பும்போது சளிக்காய்ச்சலுக்கு ஆளான அவர், 1831ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இன்று சிறிய கடைசல் இயந்திரங்களிலும் மின்னணு முறையில் இயங்கும் திருகுத் தண்டைப் பொருத்துகின்றனர். இரும்புத் துண்டின் சுழற்சியை உணரி ஒன்று எண்ணுகிறது. சிறு கணினி கணக்கிடுகிறது. அதற்கேற்ப மின்னோடி தண்டைச் சுழற்றுகிறது. கையில் எண்ணெய் படியப் பற்சக்கரங்களை மாற்ற வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால், கணினி எவ்வளவு சரியாகக் கணக்கிட்டாலும், தண்டின் மரை பிழையாக இருந்தால் வெட்டப்படும் மரையும் பிழையாகவே அமையும். ஜொகூரில் தொழிற்கல்வி பயிலும் மாணவர் ஒருவர் அப்பொத்தானை அழுத்தும்போது, பிழையைச் சிறிது சிறிதாகக் களைந்த மாட்ஸ்லேயின் உழைப்பும் அங்கே துணை நிற்கிறது.