டாக்டர் ஜான் கேட்

ஜான் கேட் 1912-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் மூன்றரை வருஷம் கைதியாக இருந்தார். பிறகு மெல்பர்னில் மனநல டாக்டராக வேலை பார்த்தார்.

சில நோயாளிகள் தூங்காமல் ஓயாமல் கத்துவார்கள். உடம்பில் ஏதோ விஷம் சேருது என்று நினைத்து, அவர்கள் சிறுநீரை கினிப் பன்றிகளுக்கு ஊசி போட்டார். லேப் எது தெரியுமா? சும்மா கிடந்த சமையலறை! சிறுநீர் பாட்டில் அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்ததாம். ச்சீ!

சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் கரையவில்லை என்று லித்தியம் உப்பு சேர்த்தார். அப்புறம் லித்தியத்தை மட்டும் போட்டால், துள்ளுகிற பிராணிகள் மல்லாக்கப் போட்டாலும் பேசாமல் கிடந்தன. மருந்து அதிகமானதால் வந்த சோர்வாகவும் இருக்கலாம் என்று பிற்பாடு சொன்னார்கள். பாவம் அதுங்க!

முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்தார். 1948-ல் ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். ஐந்து வருஷமாக அடங்காத அவர், சில மாதத்தில் வீட்டுக்குப் போய் பழைய வேலையையே பார்த்தார். ஆனால் 1950-ல் அதே லித்தியம் உடம்பில் அதிகமாகி இறந்துட்டார். படிச்சப்போ எனக்கு அழுகையே வந்துருச்சு.

1954-ல் டென்மார்க்கில் மோகன்ஸ் ஷௌ என்பவர் சோதித்து, மருந்து வேலை செய்கிறது என்று காட்டினார். கேட் 1980-ல் காலமானார். இப்போது ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று அளந்து பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

- 9-ஆம் வகுப்பு மாணவி