மணலில் எழுதிய பாடம்

ஆண்ட்ரூ பெல் 1753-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்தார். தந்தையார் முடி திருத்துபவர். பெல் இளமையில் அமெரிக்கா சென்று சில காலம் பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்னர் ஆங்கிலத் திருச்சபையின் குருவாகி, 1787-இல் சென்னை வந்து சேர்ந்தார்.

1789-இல் எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளியின் பொறுப்பை அவர் ஏற்றார். சம்பளம் வேண்டாம் என்றார். (படைகளின் குருவாக அவருக்கு வேறு வருமானம் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்!) ஆசிரியர்கள் இருந்தும் அங்கே சிறுவர்களுக்கு எழுத்துகள்கூட எளிதில் ஏறவில்லை.

ஒரு நாள் குதிரையில் போகும்போது நம் திண்ணைப் பள்ளி ஒன்றைக் கண்டார். பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். நெம்மேலிக் கடற்கரையில் வளரும் எங்களுக்கு மணலில் எழுதுவது விளையாட்டு. அவருக்கோ அது புதையல். தாள் செலவு இல்லை என்பது மட்டுமா? எழுதிய உடனே பிழை தெரிகிறது. அழித்துவிட்டு அப்பொழுதே திருத்தி எழுதலாம்.

இதைத் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஆகாது என்றனர். பெல் சோர்ந்துவிடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் வென்றான்! பிறகு பள்ளி முழுவதும் சட்டாம்பிள்ளைகள் வந்தனர். சிறு சிறு பாடமாக நடத்தி, ஒன்று நன்றாக வந்த பின்னரே அடுத்ததற்குப் போயினர். அன்றன்று படித்ததைப் பதிவேட்டில் குறித்தனர். விரைந்து கற்றவன் மேல் வகுப்புக்கும், திணறியவன் தனக்கு ஏற்ற வகுப்புக்கும் உடனே மாறினான். ஆண்டு இறுதிவரை காத்திருக்கவில்லை. இன்று நாம் வளரறி மதிப்பீடு என்கிறோமே, அதன் வித்து இதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

உடல்நலம் குன்றி 1796-இல் அவர் தாயகம் திரும்பினார். மறு ஆண்டே இம்முறையைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்றுப் பரவியது. ஆனால் அங்கே பல பள்ளிகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே ஆசிரியரிடம் விட்டுச் செலவைக் குறைப்பதே நோக்கமாகி, கற்பது வெறும் ஒப்பித்தலாயிற்று. இது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. பிழையை அன்றே கண்டு திருத்துவதற்கு ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் ஒருவர் உட்கார வேண்டுமல்லவா?

பெல் 1832-இல் காலமானார். தம் பெருஞ்செல்வத்தைக் கல்விக்கே எழுதி வைத்தார். அதைக் கொண்டு அவருடைய சொந்த ஊரில் 1833-இல் திறக்கப்பட்ட பள்ளி இன்றும் நடக்கிறது. அதன் பெயர் மதராஸ் கல்லூரி.