மதுவிலக்கு கொண்டு வந்த விற்பனை வரி: ராஜாஜி செய்தது என்ன?

கள்ளுக்கடை மூடினதுக்கும் கடை பில்லில் வரி போடுறதுக்கும் என்ன சம்பந்தம்? ராஜாஜிதான் சம்பந்தம்.

1878-ல் தொரப்பள்ளியில் பிறந்தவர், சேலத்தில் வக்கீல். 1925-ல் திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமம் அமைத்தார். மதுவிலக்குப் பிரசாரத்துக்காகவே அங்கிருந்து 'விமோசனம்' என்ற பத்திரிகையையும் நடத்தினார்.

1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும், அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலானது. கள் இறக்கியவர்களுக்குப் பிழைப்பு போச்சு. அரசுக்குக் கலால் வருமானம் போச்சு. அதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். வியாபாரிகள் கொதித்தார்கள். குடிக்காதவன் ஏன் கட்டணும் என்றால், அது நியாயமான கேள்விதான். போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தியது. வரி மட்டும் நின்றுவிட்டது, நிரந்தரமாக! 1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மதுவிலக்கு மாகாணம் முழுக்க வந்தது.

1967-ல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு கூட்டணி வைத்து திமுக ஜெயித்தது. 1971-ல் அதே திமுக அரசு, நிதி நிலைமையைச் சொல்லி மதுவிலக்கைத் தளர்த்தியது. தி.நகர் பசுல்லா சாலையில் வசித்த 92 வயதுக்காரர், கொட்டும் மழையில் கோபாலபுரம் போய் முதல்வர் கருணாநிதியிடம் வேண்டாம் என்று கேட்டதாகச் சொல்வார்கள். கடைகள் திறந்தாச்சு.

1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார். 1974-ல் கருணாநிதியே கடைகளை மூடினார். 1981-ல் எம்ஜிஆர் ஆட்சியில் மறுபடி திறந்தன. 1983-ல் டாஸ்மாக் வந்தது. இன்றைக்கும் மது பாட்டிலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. கலால் வரியோடு அதன் மேல் விழுவது, அந்த விற்பனை வரியின் வாரிசான வாட்.